படியெடுத்தலும் பாதுகாத்தலும்
வீட்டுச் சேமிப்பகத்திலிருந்து மேகச் சேமிப்பகம் வரை: ஓர் அறிமுகம்

முன்னுரை

பொருளைத் தேடுவதினும் தேடிய பொருளைக் காப்பது அரிது என்பர் ஆன்றோர். இக்கூற்று செல்வத்திற்கு மட்டுமன்றி எழுத்திற்கும் பொருந்தும். நம் இல்லங்களில் இன்று பழைய கடிதங்கள், நிலப்பத்திரங்கள், நிக்காஹ் பதிவுகள், முன்னோர் கையெழுத்தில் அமைந்த அரபுத்தமிழ் ஏடுகள், மூத்தோரின் குரற்பதிவுகள், ஒளிப்படங்கள் ஆகிய யாவும் மின்வடிவம் பெற்று வருகின்றன. அவற்றை ஒருசேர வைத்துக் காப்பதற்கென வீட்டு வலைப்பின்னலில் இணைந்த சேமிப்புப் பெட்டி ஒன்றைப் பலரும் வாங்கி வைக்கின்றனர். பெட்டி வந்துவிட்டது, ஆகவே பொருள் காக்கப்பட்டுவிட்டது என்னும் எண்ணமும் உடன் வந்துவிடுகின்றது. அவ்வெண்ணம் பிழையானது என்பதையும், அப்பெட்டியில் உள்ளவற்றுக்கு இணையவழி மேகச் சேமிப்பகத்தில் காப்புப்படி எடுத்து வைக்கும் முறையையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'பேக்கப்' எனப் பொதுவழக்கில் கூறப்படுவதே ஈண்டுக் காப்புப்படி எனப்படுகின்றது. ஏட்டுப்படி, கைப்படி, அச்சுப்படி என வழங்கும் நம் மொழிக்கு இச்சொல் புதியதன்று.

படியெடுக்கும் மரபு

பனையோலை நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சில நூற்றாண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. செல்லும் பூச்சியும் அதற்கு இயற்கைப் பகைகள். எனவே பழுதுபட்ட ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுதும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. இன்று நாம் கற்கும் சங்க நூல்களின் ஓலை எதுவும் அந்நூல்கள் தோன்றிய காலத்து ஓலையன்று. படியின் படியின் படியே நம் கைக்கு எட்டியது. படியெடுப்பார் இல்லாத நூல்கள் பெயரளவில் நின்றன. பெயரும் நில்லாமல் மறைந்தவை எத்துணையோ?

இசுலாமியத் தமிழிலக்கிய வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இசுலாமியத் தமிழ் இலக்கியமாகக் கருதப்படுவது பல்சந்தமாலை. அந்நூல் முழுமையாக இன்று இல்லை. களவியற்காரிகை என்னும் இலக்கண நூலின் உரைகாரர் தம் உரையில் எடுத்துக்காட்டாகச் சேர்த்துவைத்த சில பாடல்களே அதன் எச்சம். தன் ஏட்டில் அழிந்த நூல், பிறிதொருவர் ஏட்டில் சிறிதளவு பிழைத்தது. வேறோர் இடத்தில் வேறொருவரிடம் ஒரு படி இருந்தமையே அதற்குக் காரணம்.

திருக்குர்ஆன் தொகுக்கப்பட்ட வரலாற்றையும் நாம் அறிவோம். யமாமாப் போரில் குர்ஆனை மனனம் செய்திருந்தோர் பலர் உயிர்துறந்தனர். அதுகண்டு கவலையுற்ற உமர் (ரலி) அவர்களின் வேண்டுகோளின்படி, அபூபக்கர் (ரலி) அவர்கள் அதனை ஒருசேரத் தொகுக்கும் பொறுப்பை ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். நெஞ்சில் நின்றதும் ஏட்டில் நின்றதும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டன. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் படிகள் பல எடுக்கப்பட்டு வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன. இறைமறையின் பெருமையை ஓர் இயந்திரத்தோடு ஒப்பிடுவது நம் கருத்தன்று. காக்கவேண்டிய ஒன்றை ஒரே இடத்தில், ஒரே வடிவில் வைத்தலாகாது என்னும் விழிப்பு நம் முன்னோரிடம் இருந்தது என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

வீட்டுச் சேமிப்பகம்: அமைப்பும் எல்லையும்

'நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ்' என்பதன் சுருக்கமே 'நாஸ்' என்பது. இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைத் தாங்கும் ஒரு சிறு பெட்டி அது. இணைய இணைப்பை வழங்கும் ரவுட்டரோடு கம்பியால் இணைக்கப்பட்டு, வீட்டிலுள்ள கணிப்பொறிகளும் கைப்பேசிகளும் ஒருங்கே பயன்படுத்தும் பொதுப் பேழையாக விளங்குவது. சினாலஜி, கியூநாப் முதலிய தைவான் நாட்டு நிறுவனங்கள் இவ்வகைப் பெட்டிகளைச் செய்து விற்கின்றன.

இப்பெட்டிகளில் 'ரெய்டு' என்னும் அமைப்பு உண்டு. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட ஆய்வுரையால் இது பெயர்பெற்றது. இதன் எளிய வகையில், ஒரு தட்டில் எழுதப்படுவது அக்கணமே மற்றொரு தட்டிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றொன்று பணியைத் தொடரும். 'இரண்டு படிகள் இருக்கின்றனவே, இனி என்ன அச்சம்?' என்று நாம் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

இரட்டைத் தட்டு என்பது கண்ணாடி போன்றது. முகத்தில் கரி பூசினால் கண்ணாடியில் உள்ள முகமும் கரியாகும். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு தட்டுகளிலும் அது ஒருங்கே அழியும். மின்னழுத்தம் மிகுந்தால் இரண்டும் கருகும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டும் போகும். வெள்ளம் புகுந்தால் இரண்டும் நனையும். ஒரு தட்டு தானாகப் பழுதாதல் என்னும் ஒரேயொரு கேட்டினின்றும் காப்பதே ரெய்டு. அது காப்புப்படி ஆகாது.

இதனை நூலறிவால் மட்டும் எழுதவில்லை. என் தாயார் தாம் இளமையில் மனனம் செய்த முனாஜாத்துகளைப் பாடக் கேட்டு ஒன்பது பதிவுகள் செய்து, வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன். அவர்கள் மறைந்து சில மாதங்களுக்குப் பின் ஒருநாள் பெட்டியை ஒழுங்கு செய்யப் புகுந்து, இருமுறை பதிவானவை எனக் கருதி ஒரு தொகுப்பை நானே அழித்தேன். பிழை விளங்கியபோது இரண்டு தட்டுகளும் ஒரே விடையைத் தந்தன. ஒன்பதில் ஒன்றே ஒன்று மீண்டது. அதுவும் பெட்டியிலிருந்து மீண்டதன்று. முன்பொருநாள் தங்கைக்கு அனுப்பியிருந்தமையால் அவள் கைப்பேசியில் கிடந்தது. பல்சந்தமாலை பிழைத்த கதையை வகுப்பில் பலமுறை கூறிய எனக்கு, அதன் பொருள் அன்றுதான் முழுமையாக விளங்கியது.

மூன்று, இரண்டு, ஒன்று

காப்புப்படிக்குப் பொதுவிதியாக இன்று கூறப்படுவது 'மூன்று–இரண்டு–ஒன்று' என்னும் நெறி. அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் பீட்டர் கிரோ என்பார் இதனைப் பரவச் செய்தவர். ஒரு பொருளுக்கு மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இருவேறு வகைச் சாதனங்களில் அமைதல் வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது இந்நெறியின் சுருக்கம். நம் பேச்சுக்கு இயைய உரைப்பின்: பெட்டியில் உள்ளது முதற்படி, தனியே கழற்றி அலமாரியில் வைக்கத்தக்க வன்தட்டில் எடுப்பது இரண்டாம் படி, ஊர்கடந்து மேகத்தில் வைப்பது மூன்றாம் படி.

'வேறிடம்' என்பதன் இன்றியமையாமையை இயற்கையே நமக்குக் கற்பித்துள்ளது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அத்தகைய வெள்ளம் புகும் வீட்டில், பெட்டியும் அதன் அருகே அலமாரியில் உள்ள வன்தட்டும் ஒரே நீரில் மூழ்கும். இரண்டு படிகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பின், அழிவுக்கு அவை ஒரு படியே.

மேகம் என்பது யாது?

'கிளவுட்' என்னும் சொல்லை மொழிபெயர்த்து மேகம் என்கிறோம். அது வானில் இல்லை. பல்லாயிரம் வன்தட்டுகள் அடுக்கப்பெற்று, இரவு பகலாக மின்சாரமும் குளிர்காற்றும் ஊட்டப்பெறும் பெருங்கட்டடங்களே அது. அமேசான் நிறுவனம் 2006இல் 'எஸ்3' என்னும் சேமிப்புச் சேவையைத் தொடங்கியது; இந்தியாவில் மும்பையில் 2016இலும், ஐதராபாத்தில் 2022இலும் அந்நிறுவனம் தன் நிலையங்களை அமைத்தது. பேக்பிளேஸ் என்னும் நிறுவனத்தின் 'பி2', சினாலஜியின் 'சி2' என்பனவும் இத்தகைய சேவைகளே. இடத்தை வாடகைக்குத் தருகின்றனர். நாம் வைக்கும் அளவிற்கேற்ப வாடகை செலுத்துகின்றோம்.

மேகமும் அழியாததன்று. 2021 மார்ச் 10இல் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. பிறிதோர் இடத்தில் படி வைக்காத வாடிக்கையாளர் தம் தரவுகளை இழந்தனர். 2025 செப்டம்பர் 26இல் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு நிலையத்தில் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திவந்த 858 டெராபைட் கொண்ட சேமிப்பகம் அழிந்தது. அளவு பெரிது என்னும் காரணத்தால் அதற்குப் புறத்தே காப்புப்படி எடுக்கப்படவில்லை. ஓர் அரசுக்கே இது நேருமாயின் நம்மைப்பற்றிக் கூறவேண்டுவதில்லை. எனவே, மேகத்தில் வைத்துவிட்டு வீட்டுப்படியை நீக்குவதும் தவறு; வீட்டில் வைத்துவிட்டு மேகத்தை மறப்பதும் தவறு.

செய்முறை

முதலாவது, எவற்றைக் காப்பது எனத் தெரிதல். திரைப்படமும் மென்பொருளும் மீண்டும் கிடைப்பவை. தாத்தாவின் கடிதம் மீண்டும் எழுதப்படாது. மீளக் கிடைக்காதவற்றைத் தனிக்கோப்புறையில் தொகுத்து, அவற்றையே முதலில் மேகத்திற்கு அனுப்புதல் வேண்டும். செலவும் காலமும் இதனால் குறையும்.

இரண்டாவது, அளவை அறிதல். ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 300 டிபிஐ நுட்பத்தில், வண்ணத்தில், சுருக்காமல் பதிவுசெய்தால் ஏறத்தாழ 26 மெகாபைட் ஆகும். 200 பக்க நூல் ஒன்று 5 கிகாபைட்டைச் சற்றே கடக்கும். நூறு நூல்கள் 520 கிகாபைட் ஆகும். வினாடிக்கு 20 மெகாபிட் ஏற்றும் இணைப்பில், தடையின்றி ஓடினால், இவற்றை அனுப்ப 58 மணி நேரம் ஆகும். 100 மெகாபிட் இணைப்பாயின் 12 மணி நேரத்திற்குள் முடியும். விளம்பரங்களில் பெரிதும் பேசப்படுவது இறக்கும் வேகம். நமக்கு வேண்டுவது ஏற்றும் வேகம் என்பதை நினைவிற் கொள்க. மாதந்தோறும் பயன்பாட்டிற்கு வரம்பு இருப்பின் அதனையும் கணக்கிடுக. முதன்முறைதான் இத்துணைக் காலம். அதன்பின் புதியனவும் மாறியனவும் மட்டுமே செல்லும்.

மூன்றாவது, ஏற்ற மென்பொருளை அமைத்தல். சினாலஜிப் பெட்டியில் 'ஹைப்பர் பேக்கப்', கியூநாப் பெட்டியில் 'ஹைப்ரிட் பேக்கப் சிங்க்' என்பன உள்ளன. 'ரெஸ்டிக்' போன்ற கட்டணமில்லா மென்பொருள்களும் உண்டு. இரவு இரண்டு மணிக்குத் தானே இயங்குமாறு ஆணையிட்டுவிடலாம். மனிதன் நினைவில் வைத்துச் செய்யவேண்டிய காப்பு, நாளடைவில் மறக்கப்படும் காப்பாகும்.

நான்காவது, ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு எனத் தெளிதல். 'சிங்க்' எனப்படும் ஒத்திசைவில் வீட்டில் அழித்தது மேகத்திலும் அழியும். முன்னர்க் கூறிய கண்ணாடியே அது. காப்புப்படியிலோ நேற்றைய நிலை, சென்ற வாரத்து நிலை, சென்ற மாதத்து நிலை எனப் பழைய நிலைகள் தங்கும். நாள்தோறும் எடுத்தவற்றுள் ஒரு மாதத்தினையும், மாதத்திற்கு ஒன்றாக ஓராண்டினையும் வைத்தல் வீட்டுக்குப் போதுமானது. பிழையைப் பல நாள் கழித்தே உணர்வது மனித இயல்பு.

ஐந்தாவது, பகையினின்றும் காத்தல். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்கள் இன்று மிகுந்துள்ளன. 2022 சனவரியில் 'டெட்போல்ட்' என்னும் தீநிரல் இணையத்தை நோக்கித் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைத் தாக்கியது. 2021 சூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் 'மை புக் லைவ்' என்னும் பழைய பெட்டிகள் பல, உரியவர் அறியாமலே தொலைவிலிருந்து துடைக்கப்பட்டன. ஆகவே பெட்டியை வெளியுலகிற்கு நேரே திறந்து வைத்தலாகாது. அதன் மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தல் வேண்டும். மேகக் கணக்கிற்குத் தனிக் கடவுச்சொல்லும் இருபடிச் சரிபார்ப்பும் அமைத்தல் வேண்டும். குறித்த காலம்வரை எவராலும் அழிக்க இயலாதவாறு பூட்டும் வசதி இருப்பின் அதனைக் கொள்க.

ஆறாவது, மறையாக்கம் செய்தல். வீட்டை விட்டுப் புறப்படுமுன்னரே கோப்புகள் மறைகுறியாக மாற்றப்படுதல் வேண்டும். அப்போது இடம் தந்தவர்க்கும் உள்ளிருப்பது விளங்காது. குடும்பப் பெண்டிரின் ஒளிப்படங்களும் சொத்து ஆவணங்களும் அயலார் கட்டடத்தில் இருப்பது குறித்துப் பெரியோர் கொள்ளும் தயக்கம் நியாயமானது. அத்தயக்கத்திற்கு விடை இம்மறையாக்கமே.

திறவுகோலும் வாரிசும்

மறையாக்கத்திற்கு ஒரு திறவுகோல் உண்டு. அதனை இழந்தால் உரியவரும் அயலாரே. நிறுவனத்தாராலும் அதனை மீட்டுத் தர இயலாது. அத்திறவுகோலை அப்பெட்டியிலேயே வைப்பது, பேழையின் சாவியைப் பேழைக்குள் வைத்துப் பூட்டுவதை ஒக்கும். காகிதத்தில் எழுதி, ஒரு படியை வீட்டுப் பத்திரங்களோடும் மற்றொன்றை நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவரிடமும் வைத்தல் நன்று.

பெரியோர்கள் இதனைச் சிறப்பாகக் கருதுதல் வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இவ்வேற்பாட்டை அறிந்தவர் ஒருவரே. அவர் மறைந்தால் வங்கி அட்டையும் முடங்கும், வாடகை நின்றுபோகும், சில மாதங்களில் மேகத்திலுள்ள படியும் நீக்கப்படும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை அமைத்துக்கொள்ளுமாறும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அறிவுறுத்துகின்றது. மரண சாசனம் எழுதிவைப்பதும் நம் மார்க்கம் வலியுறுத்தும் ஒழுக்கம். சேமிப்பகம் எங்குள்ளது, வாடகை எவ்வாறு செல்கின்றது, திறவுகோல் யாரிடம் உள்ளது என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் குடும்பத்தில் இருவர்க்கேனும் அறிவித்தல் இக்காலத்திற்கேற்ற கடமையாகும்.

மீட்டுப் பார்த்தல்

சுவடி பதிப்பித்தோர் படியெடுத்ததோடு நில்லார். மூல ஏட்டை ஒருவர் படிக்க மற்றொருவர் படியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பர். ஒப்பிடாத படியை அவர்கள் நம்பியதில்லை. நாமோ, 'காப்பு முடிந்தது' என்று பெட்டி காட்டும் ஒரு வரியை நம்பிவிடுகின்றோம்.

1998இல் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' என்னும் உயிர்ப்படத்தை உருவாக்கிக் கொண்டிருந்தபோது, தவறான ஓர் ஆணையால் அதன் கோப்புகளுள் பெரும்பகுதி அழிந்தது. காப்புப்படியை நாடினர், அது சரிவர இயங்காமல் இருந்தமை அப்போதுதான் தெரியவந்தது. படத்தை வீட்டிலிருந்து பணியாற்றிய பெண் அலுவலர் ஒருவரின் கணிப்பொறியில் இருந்த படியே மீட்டது. பெருநிறுவனத்தை ஒரு வீட்டுப்படி காத்தது வியப்பன்றோ?

ஆகவே மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும், மேகத்திலிருந்து சில கோப்புகளை வேறொரு கணிப்பொறிக்கு மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். ஒளிப்படம் தெரிகின்றதா, குரல் ஒலிக்கின்றதா, காகிதத்தில் எழுதிய திறவுகோல் பொருந்துகின்றதா என நோக்குக. சில சேவைகளில் மீட்பதற்குத் தனிக்கட்டணம் உண்டு. வாடகை மிகக் குறைந்த வகைகளில் மீட்கப் பல மணி நேரம் காத்திருக்கவும் நேரும். இவற்றை இடர் வந்தபின் அறிவதினும் முன்னரே அறிதல் நலம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வீட்டுச் சேமிப்பகம் காப்பின் தொடக்கமேயன்றி முடிவன்று என்பதும், இரட்டைத் தட்டும் ஒத்திசைவும் காப்புப்படி ஆகா என்பதும், வேறிடத்தில் மறையாக்கம் பெற்ற படியொன்று பழைய நிலைகளோடு இருத்தல் வேண்டும் என்பதும், மீட்டுப் பார்க்காத படி நம்பத்தக்கதன்று என்பதும் பெறப்படும்.

மாணவ மணிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்துப் பரணில் உள்ள அரபுத்தமிழ் ஏட்டையும், பாட்டியார் நாவில் உள்ள தாலாட்டையும் முதலில் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த அன்றே இரண்டாம் படியை எடுங்கள்; அவ்வாரத்திற்குள் மூன்றாம் படியை ஊர்கடந்து அனுப்புங்கள். முன்னோர் நம்மிடம் விட்டுச் சென்றவை நம் உடைமைகள் அல்ல. பின்வருவோர்க்கு ஒப்படைக்க வேண்டிய அமானிதங்கள். என் தாயாரின் எட்டுப் பாடல்கள் இனி வாரா. எஞ்சிய ஒன்று இன்று மூன்று இடங்களில் உள்ளது. சென்ற வாரமும் அதனை மீட்டுக் கேட்டேன்; குரல் தெளிவாக இருந்தது.

அமானிதங்களைப் பேணும் நல்லுள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!